ஐந்து பிள்ளைகளுக்குக் கச்சான் தீத்திய காலை

உடுப்பிட்டிப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. சும்மா வரவில்லை, திடுக்கிட்டுப்போய் நின்றபோது வந்தது.

ஏழு மாதக் குழந்தைக்கு நிறை கூடவில்லையே என்று பார்க்கப் போயிருந்தேன். பிரிஜ்ஜுக்கு மேலே, எட்டாத உயரத்தில், நிலக்கடலைப் படம் போட்ட, மூடி திறக்காத கச்சான் பட்டர் போத்தல் ஒன்று இருந்தது.

"அது அக்கா கனடாவிலையிருந்து அனுப்பினவ, மிஸ். பிள்ளைக்குக் குடுக்கட்டாம். எனக்குப் பயமாக் கிடக்கு. ஆரும் எடுத்துக் குடுத்துப்போடுவினம் எண்டு மேலை ஏத்தி வைச்சிருக்கிறன்" என்றாள் தாய்.

அவள் சொல்லி முடிக்கவில்லை. மூத்தவன், இரண்டரை வயது, வாய் நிறைய எதையோ அடைத்துக்கொண்டு எங்களைச் சுற்றி ஓடினான். கையில் கோயில் திருவிழாவில் வாங்கிய கச்சான் பை. முழுக் கச்சான், ஒன்றுகூட உடைத்ததில்லை.

"உவன் என்ன தின்னுறான்?"

"அது கச்சான்தானே, மிஸ்."

ஐந்து வயதுக்கு முன் கொடுக்கவே கூடாத முழுப்பருப்பு, தொண்டையில் இறுகினால் மூச்சையே நிறுத்திவிடக்கூடியது, ஓடுகிற பிள்ளையின் வாய்க்குள் இருக்கிறது. ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்குத் தண்ணீராய்க் கரைத்துக் கொடுக்கக்கூடிய பசை பிரிஜ்ஜுக்கு மேலே காவலில் இருக்கிறது! பையை வாங்கிக்கொண்டு, அவனைக் குனியவைத்து வாயில் இருந்ததைத் துப்பச்செய்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஸ்கூட்டியில் ஒரே எண்ணம். இதைத் தலைகீழாக மாற்றவேண்டும், எல்லாத் தாய்மாருக்கும், அடுத்த மாதமே.

இந்த 'அடுத்த மாதமே' என்ற சொல்லைப் பற்றித்தான், எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் குடும்பநல உத்தியோகத்தர்களாகிய உங்களுக்கு எழுதுகிறேன். இப்படியான அனுபவக் கதைகளை ஓய்வுபெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்குச் சேவை ஆறு வருசம். ஆனால் இந்தப் பிழையைச் சொல்ல எனக்கு நரைக்கும்வரை காத்திருந்தால், அதற்கிடையில் உங்களில் ஒருவர் அதையே செய்துவிடுவீர்கள்.

அடுத்த மாதம், வடமராட்சிக் கரையோரத்தில் எனக்குரிய ஒரு கிராமத்தில் நிறை பார்க்கும் நாள். கடற்றொழில் செய்யும் குடும்பங்கள். சனசமூக நிலையத்தில் கூரை வளைக் கொக்கியில் தராசைத் தொங்கவிட்டு, பக்கத்து மேசையில் கிறைண்டரை வைத்தேன். முதல்நாளே கச்சானை வறுத்துத் தோல் உரித்துக்கொண்டு போயிருந்தேன். உப்பும் இல்லை, சீனியும் இல்லை. எண்ணெய் விட்டு மினுங்கும்வரை அரைத்து, கொதித்தாறிய இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து, கரண்டியைச் சரித்தால் சொட்டுச் சொட்டாய் விழுகிறதா என்று காட்டினேன்.

"கட்டியாக் குடுத்தால் அண்ணத்திலை ஒட்டிப் பிடிக்கும். இப்பிடி ஓடவேணும்" என்றேன்.

"மிஸ், இதுக்குக் கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டால் இடியப்பத்துக்கு நல்லா இருக்கும்" என்றாள் ஒருத்தி. "உனக்குப் பிள்ளையின்ரை சாப்பாட்டிலும் பங்கு வேணுமோ?" என்று இன்னொருத்தி கேட்க, மண்டபமே சிரித்தது. எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது அந்தச் சிரிப்பில்தான்.

பிறகு கேட்கவேண்டியதைக் கேட்டேன். "ஆற்றையாவது பிள்ளைக்குக் கரப்பன் இருக்கோ? தோல் வெடிச்சு, சொறிஞ்சு, தண்ணி வடியிறமாதிரி? இருந்தால் முதல் டொக்டரிட்டைக் காட்டவேணும்."

"இல்லை, மிஸ்" என்றார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே குரலில்.

"முட்டை குடுத்து ஏதும் தடிச்சதோ?"

"இல்லை, மிஸ்."

எனக்கு மகிழ்ச்சி. கேள்வி கேட்டாயிற்று, பதில் கிடைத்தாயிற்று. அந்த இடத்தில் அந்தக் கேள்விக்கு 'ஓம்' என்ற பதில் வரவே வராது என்பது, அந்த ஊரில் நாலு வருசம் வேலை செய்த எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

முன்வரிசையில் இருந்தவள் தன் பிள்ளையை நீட்டினாள். "நீங்களே தீத்திவிடுங்கோ, மிஸ். உங்கடை கை ராசியான கை. நீங்கள் ஊசிக்குக் கொண்டுபோன பிள்ளையள் ஒண்டுக்கும் காய்ச்சல்கூட வரேல்லை."

முதல்முறை கொடுப்பது வீட்டில், காலையில், பிள்ளை சுகமாக இருக்கும்போது. கரண்டி நுனியில் தொட்டு, பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்து, பிறகுதான் மிச்சம். இரண்டு மணித்தியாலம் கண் எடுக்கக்கூடாது. இவ்வளவையும் கலர்ப் பேனையால் பெரிய தாளில் நானே எழுதியிருந்தேன். அந்தத் தாள் என் முதுகுக்குப் பின்னால் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கரண்டியைத் தூக்கினேன்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலு பிள்ளைகளும் நாக்கைச் சப்புக்கொட்டின. தாய்மார் கைதட்டினார்கள்.

ஐந்தாவது கபிஷன். ஒன்பது மாதம். தாய் ரஜிதா பின்வரிசையில் சுவரோரம் இருந்தாள். வெளியே காண்டாவன வெயில் கொளுத்துகிறது, பிள்ளைக்கோ மணிக்கட்டுவரை மூடிய சட்டை. நிறை பார்க்கும்போதும் கழற்றவிடவில்லை. "தடிமன், மிஸ், மூக்கடைப்பு. காத்துப் படக்கூடாது" என்றாள். நானும் சட்டையோடு நிறுத்து, குத்துமதிப்பாகக் கழித்து எழுதியிருந்தேன்.

இப்போது எழுதும்போதும் எனக்குக் கன்னத்தில் அறைந்தமாதிரி இருக்கிறது. தடிமன் உண்மையென்றால் அன்றைக்கு அவனுக்குப் புதிய சாப்பாடு கொடுத்திருக்கக்கூடாது. பொய்யென்றால், ஏன் பொய் என்று கேட்டிருக்கவேண்டும். இரண்டில் எதைப் பிடித்திருந்தாலும் பிள்ளை தப்பியிருப்பான். நான் இரண்டையும் விட்டேன்.

"பேந்து குடுப்பம், மிஸ், இண்டைக்கு வேண்டாம்" என்றாள் ரஜிதா.

"என்ன பயம்? நாலு பேர் சாப்பிட்டிட்டினம். உங்கடை மகன் மட்டும் என்ன, பெரிய துரையோ?" என்றேன் நான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கவேண்டியிருந்தது. கரண்டியின் நுனி, அவ்வளவுதான், அவன் நாக்கில் பட்டது.

கிறைண்டரைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தேன். ரஜிதா ஓட்டோவுக்காக வாசலில் நின்றாள். ஓட்டோ பிந்தியது. அது பிந்தாமல் வந்திருந்தால் அவள் வீட்டுக்குப் போயிருப்பாள், நான் அடுத்த கிராமத்துக்குப் போயிருப்பேன்.

"மிஸ்… உவன்ரை கண்ணைப் பாருங்கோ."

கண்ணிமை இரண்டும் ஊதி ஒன்றாகிக்கொண்டிருந்தன. வாயைச் சுற்றிச் சிவப்பு. நான் கையை நீட்டுவதற்குள் சத்தி எடுத்தான், குடித்த பால் முழுக்க வெளியே வந்தது. பிறகு ஒரு இருமல், நாய்க்குட்டி குரைப்பதுபோல. அழுகையின் சத்தமே மாறியிருந்தது.

சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். ரஜிதா என் கையைப் பிடித்துத் தடுத்தாள். தடுத்தாள் என்பதைக் கவனியுங்கள். நான் இழுத்துத் திறந்தேன்.

வயிறெல்லாம் புதிதாய்த் தடித்த தடிப்பு. அது நான் எதிர்பார்த்தது. முழங்கை மடிப்பிலும் கழுத்திடுக்கிலும் கண்டதுதான் நான் எதிர்பாராதது. தோல் வெடித்து, தடித்து, பொருக்குக் கட்டி, சில இடங்களில் தண்ணீர் வடிந்து. ஒரு நாள் இரண்டு நாளில் வந்த கரப்பன் இல்லை அது. மாதக்கணக்கு.

சுற்றிவர ஒரே கூச்சல். "சீனித் தண்ணி பருக்குங்கோ!" "மேலைக் கழுவுங்கோ!" "பூச்சி ஏதும் கடிச்சிருக்கும், வேப்பிலையாலை தடவுங்கோ!" தடுப்பூசி கிளினிக்கில் அவசர மருந்துத் தட்டு ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கும். நிறை பார்க்கும் இடத்தில் அது கிடையாது. கச்சானுக்கு நான் தேர்ந்தெடுத்த இடம் அந்த மருந்து இல்லாத இடம்! அம்புலன்சுக்கு அடித்தேன். அது தூரத்தில் நின்றது. அந்த நேரம்தான் பிந்திய ஓட்டோ வந்து திரும்பியது. ஆஸ்பத்திரி பத்து நிமிடத் தூரம்.

"அண்ணை, ஆஸ்பத்திரிக்கு! கெதியா!"

வாய்க்கு ஒன்றும் கொடுக்கவிடவில்லை. ரஜிதா அவனைத் தோளில் நிமிர்த்திப் போடப் பார்த்தாள், இரத்த அழுத்தம் விழாமல் மடியில் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். ஓட்டோ ஓடும்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, "ஒன்பது மாதப் பிள்ளை, சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் மூச்சு இழுக்குது, பத்து நிமிசத்திலை வாறம்" என்றேன்.

'சாப்பாடு' என்றேன். 'கச்சான்' என்று சொல்லவில்லை. 'நான் கொடுத்த கச்சான்' என்று அறவே சொல்லவில்லை. தங்கச்சிமாரே, அந்தப் பத்து நிமிடத்தில் என் மூளை ஓடிய ஓட்டத்தை மறைக்காமல் சொல்கிறேன். விசாரணை வருமோ, இடமாற்றம் வருமோ, 'ஏதோ தின்றுவிட்டான்' என்று மட்டும் சொன்னால் போதாதோ. குழந்தையின் உதடு நீலமாகிக்கொண்டிருக்க, நான் என் வேலையைப் பற்றி நினைத்தேன்.

பக்கத்தில் ரஜிதா என் காதுக்குள் கெஞ்சினாள். "மிஸ், கரப்பன் எண்டு டொக்டரிட்டைச் சொல்லாதேங்கோ. உங்களைக் கும்பிட்டன். பிள்ளையின்ரை கிளினிக் புத்தகத்திலை எழுதினால் மச்சாள் பார்ப்பா. நான் கிரந்தி திண்டு பிள்ளைக்கு வந்ததெண்டு என்னைக் கொல்லுவா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பகுதியில் கணவாய், இறால், கத்தரிக்காய் எல்லாம் கிரந்திச் சாப்பாடு. பால் கொடுக்கும் தாய் அவற்றைத் தின்றால் பிள்ளைக்குச் சொறி கரப்பன் வரும் என்று நம்பிக்கை. ஆகவே பிள்ளைக்குக் கரப்பன் என்றால் தாய் வாயைக் கட்டவில்லை என்று அர்த்தம். நான் முப்பது பெண்களுக்கு முன்னால் கேட்டது நோயைப் பற்றிய கேள்வியே இல்லை. 'உங்களில் யார் கள்ளமாய்த் தின்றது?' என்று கேட்டிருக்கிறேன். யார் கை உயர்த்துவாள்?

ஒரே ஓட்டோவில் இரண்டு பேர் இரண்டு விசயத்தை ஒளித்துக்கொண்டு போனோம். இடையில் ஒரு குழந்தை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது.

வாசலில் டொக்டர் காத்து நின்றார். இளம் வயதுக்காரர். பிள்ளையை வாங்கிக்கொண்டே கேட்டார்: "என்ன குடுத்தது? எவ்வளவு? எத்தினை மணிக்கு?"

ரஜிதா என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் பிள்ளையை உள்ளே கொண்டுபோய்க் கிடத்தியபடியே என் முகத்தைப் பார்த்தார்.

"கச்சான். தேக்கரண்டி நுனி. அரை மணித்தியாலத்துக்கு முதல். நான்தான் குடுத்தனான்."

என் வாயிலிருந்து அது வந்ததும், பின்னாலிருந்து ரஜிதாவின் குரலும் வந்தது. "கரப்பன் இருக்கு, டொக்டர். நாலு மாதத்திலையிருந்து இருக்கு."

தொடையில் அட்ரினலின் ஊசி. ஒட்சிசன். சில நிமிடங்களில் அந்த இழுப்பு தளரத் தொடங்கியது. உதட்டுக்கு நிறம் வந்தது. பிறகு அழுதான், பழைய குரலில். அந்த அழுகையைக் கேட்டு ரஜிதா நிலத்தில் குந்திவிட்டாள். அந்த ஒவ்வாமை திரும்பவும் கிளம்பலாம் என்பதால் அன்று அவனை வார்டில் மறித்துவைத்தார்கள்.

பின்னேரம் மச்சாள் வந்தாள். ரஜிதாவின் கணவன் ஆழ்கடலுக்குப் போயிருந்தான். அவனுடைய அக்காதான் வீட்டில் எல்லாம் பார்ப்பவள். பிள்ளையின் திறந்த கையைக் கண்டதும் தொடங்கினாள்.

"கணவாய்க் கறி வைச்சண்டு நான் என்ன சொன்னனான்? வாயைக் கட்டு எண்டு சொன்னனானோ இல்லையோ?"

டொக்டர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே சொன்னார்: "அக்கா, கணவாய்க்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது தோல் வருத்தம். இப்பிடித் தோல் வெடிச்ச பிள்ளையளுக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாமல் போக இடம் கூட. அதுதான் முதல் எங்களிட்டைக் காட்டச் சொல்லுறது."

"அப்ப அவள் என்ன திண்டவள்?"

"ஒண்டும் தின்னேல்லை, மச்சாள்" என்றாள் ரஜிதா. "பிள்ளையின்ரை உடம்பிலை வரத்தொடங்கினதிலையிருந்து நான் மீனே தின்னேல்லை. நீங்கள் போட்டுத் தந்ததெல்லாத்தையும் பின்பக்கத்தாலை காகத்துக்குப் போட்டனான்."

மச்சாள் கட்டிலைச் சுற்றி ரஜிதாவிடம் வந்தாள். "அடி விசரி, நான் உனக்கெண்டு பார்த்துப் பார்த்து விளைமீனெல்லோ வைச்சனான்! கிரந்தி இல்லாத மீனெல்லோ!" என்றாள். "பிள்ளைக்கு உடுப்பு மாத்தக்கூட என்னை விடேல்லை. நான் நினைச்சன், என்னைப் பிடிக்கேல்லையாக்கும் எண்டு."

அங்கேயே எனக்கு இன்னொரு அடி. மூன்று மாதமாக நான் ரஜிதாவின் நிறையைப் பார்த்து, 'குறையுது, ஒழுங்காச் சாப்பிடும்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறேன். ஏன் குறைகிறது என்று ஒருநாளும் இருந்து கேட்கவில்லை. மீன்பிடிக்கிற வீட்டில், பால் கொடுக்கிற ஒரு தாய், மீன் இல்லாமல் வெறும் சோறும் சொதியுமாய் இருந்திருக்கிறாள். காகங்களுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் எங்கள் மேற்பார்வைச் சகோதரியிடம் போய் நடந்ததை எழுதிக்கொடுத்தேன். படித்து முடித்து, நீளமாக மூச்சு விட்டா. ஏசுவா என்று நின்றேன். ஏசினா, நன்றாகவே. பிறகு, "மற்ற நாலு பிள்ளையும் என்ன மாதிரி?" என்றா.

"சுகமா இருக்கினம், சிஸ்டர்."

"அப்ப ஏன் இஞ்சை நிக்கிறீர்? உம்மடை பயத்திலை அந்த நாலு பேரும் கச்சானை விட்டிட்டினமெண்டால் அது இரண்டாவது பிழை. ஒத்துக்கொண்ட சாப்பாட்டை விடாமல் குடுத்து வரவேணும். போம்!"

போனேன். அதற்கிடையில் ஊர் முழுக்கக் கதை பரவியிருந்தது. 'மிஸ் கச்சான் தீத்திப் பிள்ளை போகப் பார்த்தது.' ஒரு வீட்டில் என்னைக் கண்டதும் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள். 'ராசியான கை' என்று சொன்னவள்தான் அவள். எனக்குக் கோபம் வரவில்லை. அவள் செய்தது சரி. படலையடியில் நின்றபடியே, "ஓம், நான்தான் பிழை விட்டனான். கச்சான் பிழை விடேல்லை. உங்கடை பிள்ளைக்கு ஒத்துக்கொண்டது, கிழமைக்கு இரண்டு மூண்டு தரம் கஞ்சியிலை கரைச்சுக் குடுங்கோ" என்றேன். மூன்றாம் முறை போனபோதுதான், "கதிரையிலை இருங்கோ, மிஸ்" என்றாள்.

இப்போது நான் செய்வது வேறு. பிள்ளையைத் தனியறையில், தாயோடு மட்டும், முழுதாய் உடுப்புக் களைந்து பார்க்கிறேன். 'கரப்பன் இருக்கோ?' என்று கேட்பதே இல்லை. 'இஞ்சை சொறியிறவரோ? இரவிலை நித்திரை கொள்ளுறாரோ?' என்று கேட்கிறேன். பக்கத்தில் மாமியோ மச்சாளோ நின்றால், 'கொஞ்சம் தேத்தண்ணி கிடைக்குமோ?' என்று குசினிக்கு அனுப்பிவிடுகிறேன். இந்த மூன்று மாதத்தில் நான் குடித்த தேத்தண்ணிக்குக் கணக்கில்லை. ஆனால் அந்தத் தேத்தண்ணி கொதிக்கிற நேரத்துக்குள் எனக்குக் கிடைத்த உண்மைகள், ஆறு வருசத்தில் மண்டபங்களில் கிடைக்கவில்லை. ஒரு தாய் ஒரு விசயத்தைப் 'பேந்து' என்று தள்ளினால், சிரித்து மடக்காதீர்கள். பேந்து என்பதற்குள் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கைதட்டல் கேட்கும்போது கரண்டியைக் கீழே வையுங்கள்.

கபிஷனுக்கு இப்போது ஒரு வயது. பூச்சுமருந்து ஒழுங்காகப் பூசுவதால் தோல் நன்றாக ஆறிவருகிறது. கச்சான் அவனுக்கு இல்லை. வீட்டில் அதன் தூள்கூட இல்லாமல் மச்சாள் பார்த்துக்கொள்கிறாள், கடைப் பிஸ்கட் உறையைக்கூட எழுத்துக்கூட்டி வாசிக்காமல் உடைப்பதில்லை. மற்றப் பருப்புகள் ஒத்துக்கொள்ளுமா என்பதை வீட்டில் பரீட்சிக்கக்கூடாது, வார்டில் ஊசியும் ஒட்சிசனும் பக்கத்தில் இருக்க ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று பிள்ளை வைத்திய நிபுணர் சொல்லியிருக்கிறார். முதலாவது கஜு எனும் முந்திரிப் பருப்பு. அரைத்துக் கரைத்தது. வருகிற வியாழக்கிழமை காலை.

நேற்று ரஜிதா போன் எடுத்தாள்.

"மிஸ், வியாழன் நீங்களும் வரவேணும்."

"வாறன். ஆனால் நான் தீத்தமாட்டன்."

"உங்களை ஆர் தீத்தச் சொன்னது?" என்றாள். நான் அதிர்ந்துபோனேன். அவள் என்னைப் பகிடி பண்ணுகிறாள்! "நான் பிடிச்சுக்கொண்டிருப்பன். மச்சாள் தீத்துவா, தன்ரை கையாலைதான் எண்டு நிக்கிறா. நீங்கள் மணிக்கூட்டைப் பாருங்கோ, பத்து நிமிசம், பேந்து இரண்டு மணித்தியாலம். இடையிலை ஆரோடையும் கதைக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்."

லீவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். மணிக்கூட்டுக்குப் புதுப் பற்றரி போட்டிருக்கிறேன்.